அரளிப் பூச்சியின் உடுப்பும் மிளாவின் கண்ணும்

மதுரையிலிருந்து திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் நான்கு வழிச்சாலையின் நடுவில் கிலோமீட்டர் கணக்கில் அரளி நிற்கிறது. ஆடு கடிக்காது, மாடு கடிக்காது, தண்ணீர் இல்லாவிட்டாலும் பூக்கும், அதனால்தான் வைத்தார்கள். ஆனால் அந்த நஞ்சுச் செடியையே தின்று வளர்கிற ஒரு புழு உண்டு. சுண்டுவிரல் தடிமனில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலப் பொட்டு, கண் விழித்துப் பார்ப்பது போலவே இருக்கும். நந்தியாவட்டையையும் நித்தியகல்யாணியையும்கூட விடாது. இது கூட்டிலிருந்து வெளியே வந்தால் அரளி அந்துப்பூச்சி. விரித்த இறக்கை ஏறக்குறைய அரைச் சாண் அகலம். கரும்பச்சை, வெளிர்பச்சை, நடுவில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக வளைந்து ஓடும் பட்டைகள். பார்த்த உடனே நினைவுக்கு வருவது மிலிட்டரிக்காரர் சட்டைதான்.

வேட்டைக்காரர்கள் அணியும் மரப்பட்டை, இலைச்சருகு அச்சடித்த உடுப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால், இதெல்லாம் அந்துப்பூச்சியிடமிருந்து மனிதன் கற்றுக்கொண்டது என்று ஒரு வரி கட்டாயம் வரும். பாதி உண்மை. கற்றுக்கொண்டது படத்தை மட்டும். அந்தப் படம் யாருடைய கண்ணை ஏமாற்ற உண்டானது என்கிற கேள்வியைப் பலரும் விட்டுவிட்டார்கள். அந்துப்பூச்சி, மிளா என்கிற மான், புலி எல்லாமே மேற்குமலை அடிவாரத்தில் இருக்கின்றன. பச்சைப்புள்ளி பேன்ட் போட்டவர்களும் இப்போது நிறைய. ஆகவே இந்த விஷயத்தை நெல்லைச் சீமையில் நின்றுகொண்டே பேசலாம்.

பகல் முழுக்க உட்கார வேண்டிய பிழைப்பு

அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இராத்திரி வேலை. விடிந்தால் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, ஓணான் என்று அதைத் தேடி வருகிற கூட்டம் பெரியது. பட்டாம்பூச்சி இறக்கையை முதுகுக்கு மேல் ஒட்டவைத்து மெல்லிய தகடாக நிற்கும். அந்துப்பூச்சிகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. கூரை போலச் சரித்தோ, தட்டையாகப் பரப்பியோ உட்காருகின்றன. ஆக, முன்னிறக்கையின் மேற்பக்கம்தான் பகல் முழுவதும் வெளியே தெரிகிற முகம். மறைப்பு வேலைப்பாடு எல்லாம் அங்கேதான். உள்ளே ஒளிந்திருக்கும் பின்னிறக்கையில் வேறு விளையாட்டு.

அந்த விளையாட்டைப் பார்க்க எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகலாம். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை போட்டவர்களுக்குப் பழந்துளைக்கும் அந்துப்பூச்சியைச் சொல்லித் தரத் தேவையில்லை. மற்ற அந்துப்பூச்சிகளில் புழுதான் பயிரைக் கெடுக்கும். இதில் வளர்ந்த பூச்சியே வில்லன். இதன் உறிஞ்சுகுழல் பழத்தோலைத் துளைக்கிற அளவுக்கு உறுதியானது. இரவில் வந்து குத்திச் சாறு குடித்துவிட்டுப் போகும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சணம் இறங்கி, சுற்றிலும் மெத்தென்று ஆகி, பழம் விழுந்துவிடும். சாத்துக்குடியும் மாதுளையும்கூடத் தப்புவதில்லை. இதன் புழு வளர்வது வேலியோரம் படர்ந்திருக்கும் சீந்தில் கொடியில். தோட்டத்தைச் சுற்றிச் சீந்திலைக் களையச் சொல்வது அதனால்தான்.

பகலில் இந்தப் பூச்சி ஒரு காய்ந்த இலை. பழுப்பு முன்னிறக்கை, நடுநரம்பு மாதிரி ஒரு கோடு, ஓரத்தில் இலை மடிந்தது போன்ற வளைவு. சீண்டினால் முன்னிறக்கை விலகி, ஆரஞ்சு மஞ்சளில் கறுப்புத் திட்டு போட்ட பின்னிறக்கை பளீரென்று வெளியே வரும். துரத்தி வந்த குருவி திகைக்கிற நொடியில் பூச்சி பறந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, மஞ்சளை மூடிவிடும். குருவி தேடுவது மஞ்சளை. அங்கே இருப்பதோ சருகு.

இதில் இரண்டு தந்திரங்கள் கலந்திருக்கின்றன. கண்ணுக்கே படாமல் இருப்பது ஒன்று. கண்ணில் பட்டும் 'இது தின்கிற பொருளில்லை' என்று எண்ணவைப்பது இன்னொன்று. மரப்பட்டையோடு மரப்பட்டையாக ஒட்டியிருக்கும் பூச்சி முதல் வகை. சருகாக நடிக்கும் பழந்துளைப்பான் இரண்டாம் வகை. வேட்டை உடுப்பிலும் இந்தப் பிரிவு உண்டு. ஸ்காட்லாந்தில் வேட்டைக்காட்டுக் காவலர்கள் கண்டுபிடித்த, சணலும் புல்லும் தொங்கவிட்ட 'கில்லி' உடுப்பு புதராகவே நடிக்கும் வகை. தென்னாப்பிரிக்கப் போரின்போது 1900இல் திரட்டப்பட்ட லோவட் படையினர் அதைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று கடையில் தொங்குகிற அச்சடித்த துணி எல்லாம் முதல் வகைக்கு ஆசைப்படுவது.

ஓரத்தை உடைப்பது

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்தது இங்கிலாந்தின் மிளகுப்புள்ளி அந்துப்பூச்சி. 1848இல் மான்செஸ்டரில் கறுப்பு வகை முதலில் பதிவானது. 1895 வாக்கில் அங்கே கிட்டத்தட்ட 98 சதவீதம் கறுப்பாகிவிட்டது. ஆலைப் புகையில் மரங்கள் கறுத்ததும், வெள்ளைப் பூச்சி குருவிகளுக்குப் பளிச்சென்று தெரிந்ததும் காரணம். 1950களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்ததில் குறைகள் இருக்கின்றன என்று பின்னால் சர்ச்சை எழுந்தது. மைக்கேல் மஜேரஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் தன் தோட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்து, குருவிகள்தான் காரணம் என்று காட்டினார். முடிவு 2012இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. இந்தக் கதை பரிணாமத்துக்கு நல்ல சான்று. உடுப்புத் தைக்கிறவனுக்கு இதில் அதிகம் இல்லை. 'பின்புலத்தின் நிறத்தோடு ஒத்துப்போ' என்பது மட்டும்தான் பாடம்.

தையல்காரனுக்கு வேண்டிய பாடம் இன்னொரு சோதனையில் இருக்கிறது. 2005இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இன்னஸ் கட்ஹிலும் கூட்டாளிகளும் காகிதத்தில் முக்கோண அந்துப்பூச்சி செய்தார்கள். உடம்புக்கு ஒரு செத்த புழு. ஓக் மரப்பட்டையின் நிறங்களையே அச்சிட்டு, அந்த மரங்களிலேயே குத்திவைத்தார்கள். சிலவற்றில் கறுப்புத் திட்டுகள் இறக்கையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். சிலவற்றில் அதே திட்டுகள் ஓரத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் இருக்கும். நிறம் ஒன்றுதான், திட்டு விழும் இடம்தான் வேறு. குருவிகளிடமிருந்து அதிகம் தப்பியவை ஓரம் வெட்டுப்பட்டவை.

ஏன் என்றால், கண் ஒரு பொருளை முதலில் பிடிப்பது விளிம்பால். முக்கோணத்தின் மூன்று ஓரமும் முழுசாகத் தெரிந்தால் நிறம் எவ்வளவு பொருந்தினாலும் 'இங்கே ஒன்று உட்கார்ந்திருக்கிறது' என்று கண் சொல்லிவிடும். ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு வந்து முட்டி நின்றால், அந்த இடத்தில் இறக்கை முடிகிறதா மரப்பட்டையின் வெடிப்பு தொடங்குகிறதா என்று கண்ணுக்குக் குழப்பம். அரளிப் பூச்சியின் பட்டைகள் உடம்பின் ஒழுங்கை மதிக்காமல் இறக்கையிலிருந்து முதுகு வழியாக அந்தப் பக்க இறக்கைக்கு ஓடுவதும் இதற்குத்தான். தனியாக வெள்ளைச் சுவரில் பார்த்தால் ஆடம்பரமான உடை. இலைக் கொத்துக்குள் அதே பட்டைகள் பூச்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுகின்றன.

இந்தக் கருத்து நூறு வருடத்துக்கு மேல் பழையது. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1909இல் மகனோடு சேர்ந்து விலங்குகளின் மறைப்பு நிறம் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது மேலிருந்து விழும் வெளிச்சத்தைச் சமன் செய்து உடம்பைத் தட்டையாக்குகிறது என்று கண்டு சொன்னவர் அவர்தான். நம் புள்ளிமானின் வெள்ளை வயிற்றுக்கும் அந்த விளக்கம் பொருந்தும். ஆனால் மனிதர் எல்லை தாண்டினார். பூநாரையின் சிவப்பு, அஸ்தமன வானத்தோடு கலந்து மறையத்தான் என்றார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்ந்த தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு பெரிய வேட்டைக்காரர். இதைப் படித்துவிட்டுப் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினார். ஓவியர் ஸ்டூடியோவில் பார்த்ததற்கும் வேட்டைக்காரர் வெயிலில் பார்த்ததற்கும் நடந்த சண்டை. என் கட்சி இதில் ரூஸ்வெல்ட்டுதான்.

அப்புறம் முதல் உலகப் போர். 1915இல் பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைக் கொண்டே மறைப்புப் பிரிவு அமைத்தது. இரண்டாம் போர் நேரத்தில் விலங்கியலாளர் ஹியூ காட் இங்கிலாந்தின் கடற்கரைப் பீரங்கி ஒன்றுக்குத் தன் முறையில் வண்ணம் பூசினார். இன்னொன்றுக்கு ராணுவம் வழக்கமான முறையில் பூசியது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் ராணுவத்தின் பீரங்கி தெரிந்தது. ஹியூ காட் பூசிய பீரங்கியைத் தேட வேண்டியிருந்தது. பூச்சியிடமிருந்து சட்டைக்கு வந்த பாதை இப்படித்தான், ஓவியர் வழியாகவும் பீரங்கி வழியாகவும் சுற்றி வந்தது.

சட்டை வாங்குகிறவரின் கண்

வேட்டைக்கென்றே தனி உடுப்பு என்பது நேற்று வந்தது. அதுவரை அமெரிக்க வேட்டைக்காரர்கள் ராணுவக் கழிவுச் சந்தையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போனார்கள். 1980இல் விர்ஜினியாவைச் சேர்ந்த ஜிம் கிரம்லி, மரத்தில் சாய்ந்து உட்காரும் வில்வேட்டைக்காரருக்காக மரப்பட்டை போன்ற செங்குத்துக் கோடுகளோடு 'ட்ரீபார்க்' துணியைக் கொண்டுவந்தார். 1986இல் 'மாஸி ஓக்', 'ரியல்ட்ரீ' என்ற இரண்டு பெயர்கள் சந்தைக்கு வந்தன. மாஸி ஓக்கைத் தொடங்கிய டாக்ஸி ஹாஸ் ஒரு பையில் மண்ணும் சருகும் சுள்ளியும் அள்ளிக்கொண்டு துணி ஆலைக்குப் போய், இதைத் துணியில் கொண்டுவா என்று கேட்டார் என்பது அந்த நிறுவனம் பெருமையாகச் சொல்லும் கதை.

அதற்குப் பிறகு போட்டி ஒரே திசையில் ஓடியது. இலை இன்னும் இலையாக, பட்டை இன்னும் பட்டையாக, புகைப்படத் துல்லியத்தில். கடையில் ஹேங்கரில் தொங்கும்போது பிரமாதம். காட்டில் ஐம்பது அறுபது அடி தள்ளிப் போனால் அந்த நுணுக்கங்கள் எல்லாம் கரைந்து கறுப்பாக ஒரே மொத்தை ஆகிவிடும். மொத்தையின் வடிவம் என்ன? தலை, தோள், இரண்டு கால். மறைக்க வேண்டிய உருவம் அப்படியே நிற்கிறது. சட்டை ஏமாற்றியது அதை வாங்கினவரைத்தான்.

இந்தக் குறையைச் சரியாகப் பிடித்தவர் அமெரிக்க ராணுவ அதிகாரி டிமதி ஓநீல். 1970களின் கடைசியில் அவர் சதுரச் சதுரமாக அடுக்கிய வடிவத்தைச் சோதித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் சதுரங்கள் சேர்ந்து பெரிய திட்டுகளாகி உருவத்தை உடைக்கும். கிட்டே வந்தால் சின்னச் சதுரங்கள் இலைதழையின் பொரிபொரிப்போடு ஒத்துப்போகும். இன்றைய 'டிஜிட்டல்' மறைப்பு உடுப்புகளுக்கெல்லாம் மூலம் இது. அந்துப்பூச்சியின் இறக்கையும் இதே கட்டுமானம்தான். கையில் மாவு போல ஒட்டிக்கொள்கிறதே, அது ஆயிரக்கணக்கான செதில்கள். ஒவ்வொரு செதிலும் பொதுவாக ஒரே நிறம். அவை அடுக்கி உண்டானதுதான் பட்டையும் திட்டும். பூச்சி டிஜிட்டலுக்குப் போய்ப் பல கோடி வருடம் ஆகிறது. இந்திய ராணுவம் 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் காட்டிய புதிய போர் உடுப்பும் இந்த வகைதான். டெல்லியின் தேசிய ஆடை வடிவமைப்புக் கழகத்தோடு சேர்ந்து செய்தார்கள்.

சரி, வடிவம் இருக்கட்டும். நிறம்?

மிளாவுக்குப் புலி என்ன நிறம்

களக்காடு முண்டந்துறைக் காட்டில் புலியின் முக்கிய இரை மிளா. மற்ற ஜில்லாக்காரர்கள் கடமான் என்பார்கள். மிளாவைப் பிடிக்கப் பதுங்குகிற மிருகம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. பச்சைக் காட்டில் ஆரஞ்சு. இதைவிட மோசமான மறைப்பு நிறம் யோசிக்க முடியுமா? நமக்கு அப்படித்தான் தோன்றும்.

மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வெள்ளைவால் மான்களின் கண்ணை அளந்து இதைச் சொன்னார்கள். ஒரு வகை நீலத்துக்கு, இன்னொன்று பச்சை மஞ்சளுக்கு. சிவப்பைத் தனியாகப் பிரிக்கிற செல் இல்லை. அந்தக் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஒரே குடும்பம். 2019இல் பிரிஸ்டலில் ஃபென்னலும் கூட்டாளிகளும் கணினி மூலம் இரு நிறப் பார்வையைக் காட்டிப் பார்த்ததில், புலியின் ஆரஞ்சு, இலைதழையோடு சேர்ந்து பச்சை போலவே ஆகிவிட்டது. பாலூட்டிகளின் முடியில் பச்சை நிறமி கிடையாது. இருக்கிற நிறமிகளை வைத்துக்கொண்டு, இரையின் கண்ணுக்குப் பச்சையாகிவிட்டது புலி. மேலே கறுப்பு வரிகள் ஓரத்தை உடைக்கின்றன, காகிதப் பூச்சியின் திட்டு செய்த அதே வேலை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக்காரர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலங்கி போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க. மனிதனுக்குப் பளிச்சென்று தெரியும், மானுக்கு மங்கல். இந்த ஏற்பாடு புலியிடம் ரொம்ப நாளாக இருக்கிறது.

மானை உஷார்ப்படுத்துவது வேறு நிறம். நம் கண்ணின் வில்லை புறஊதா ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மானின் கண்ணில் அந்தத் தடை குறைவு, நீலப்பக்கம் கூர்மை. துணி துவைக்கும் பவுடர்களில் வெண்மையைக் கூட்ட ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது புறஊதாவை வாங்கி நீலமாக உமிழும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய மரப்பட்டைச் சட்டையை அந்தப் பவுடரில் ஊறப்போட்டு அலசினால், அந்தி நேரத்தில் மானின் கண்ணுக்கு அது நீலமாக மினுங்கலாம். துவைக்காத காக்கியே மேல்.

பறவைக்கு வந்தால் கணக்கு மறுபடியும் மாறும். அவற்றுக்கு நான்கு வகை, புறஊதாப்பக்கமும் பார்வை நீளும். அந்துப்பூச்சியின் முதல் எதிரி பறவை. ஆகவே அதன் உடுப்பு நம்மைவிடக் கூரிய கண்ணுக்காகத் தயாரானது. அதைக் கேமராவில் படம் பிடித்து, மூன்று நிறத்தில் அச்சடித்து, இரண்டு நிறம் பார்க்கிற மானுக்கு முன்னால் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

அச்சடிக்க முடியாதவை

தென்கொரியாவில் சாங்கு காங் என்ற ஆய்வாளர், மரப்பட்டை நிற அந்துப்பூச்சிகள் இரண்டு இனங்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2012இல் எழுதினார். பூச்சி மரத்தில் இறங்கியவுடன் அப்படியே உறைந்துவிடுவதில்லை. கொஞ்சம் நடக்கும், உடம்பைத் திருப்பும், இன்னும் கொஞ்சம் நகரும். இறக்கையின் கோடு பட்டையின் வெடிப்போடு ஒரே போக்கில் வந்ததும் நிற்கும். இறங்கிய இடத்தில் எடுத்த படத்தையும் கடைசியாக அமர்ந்த இடத்தில் எடுத்த படத்தையும் மனிதர்களிடம் கொடுத்துத் தேடச் சொன்னால், இரண்டாவதில் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது. மறைப்பில் பாதி உட்காரும் விதத்தில் இருக்கிறது. செங்குத்துக் கோட்டுச் சட்டை போட்டவர் புல்வெளியில் குப்புறப் படுத்தால் கோடு படுத்துவிடும், புல் நிற்கும்.

அசையாமை இன்னொன்று. மானின் கண் அசைவைப் பிடிப்பதில் கெட்டி. மிளா ஒரு காதைத் திருப்பிவிட்டது என்றால் சட்டையில் என்ன படம் இருந்தாலும் ஒன்றுதான். பக்கி என்கிற இராப்பறவை இதற்கு நல்ல ஆசான். வாயை மூடிக்கொண்டு தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும், மிதிக்கப் போகிற தூரம் வரை எழும்பாது. நம் ஊரில் அந்தப் பேரை வைத்துப் பிள்ளைகளைத் திட்டுவது அந்தப் பறவைக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது வாசனை. தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திலிருந்து கிழக்கே ஆளைத் தள்ளும். மேற்கே நிற்கிறவனின் வியர்வை கிழக்கே மேய்கிற மிருகத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். பழைய வேட்டைக்காரர்கள் காற்றுக்கு எதிர்முகமாக நடந்ததை எந்தத் துணியும் ஈடு செய்யவில்லை. அந்துப்பூச்சியோ இதிலும் ஒரு படி மேலே. எள்ளுச் செடியில் புழுவாக வளர்கிற, முதுகில் மண்டையோடு வரைந்தது போன்ற பருந்து அந்துப்பூச்சி நம் பக்கமும் உண்டு. தேன்கூட்டுக்குள் நுழைந்து தேன் குடிக்கும். இதன் ஐரோப்பிய உறவுப் பூச்சியின் உடம்பில், தேனீயின் மேல்தோலில் உள்ளதற்கு ஒத்த வேதிப்பொருள்கள் இருப்பதை 1990களில் கண்டார்கள். இருட்டுக் கூட்டுக்குள் நிறத்தால் பயன் இல்லை, தேனீ மாதிரி மணந்தால் போதும்.

வௌவாலிடம் மணமும் செல்லாது, அது ஒலியால் பார்க்கிறது. காது இல்லாத பெரிய பட்டு அந்துப்பூச்சி ஒன்றின் இறக்கைச் செதில்கள் வௌவாலின் ஒலியை வாங்கிக்கொண்டு எதிரொலியைக் குறைக்கின்றன என்று 2020இல் பிரிஸ்டலின் ஹோல்டரைட் குழு காட்டியது. ஒரே பூச்சிக் கூட்டம், பகலில் பறவைக் கண்ணுக்கு ஓர் உடுப்பு, இரவில் வௌவால் காதுக்கு இன்னோர் உடுப்பு.

இங்கே யார் போட்டுக்கொள்கிறார்கள்

நெல்லைச் சீமையில் வேட்டை என்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. கொல்வது மட்டும் வேட்டை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இதற்கெல்லாம் முயல்வதுகூட வேட்டைதான். முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயம் ஆனது, களக்காடு 1976இல் சரணாலயம், இரண்டும் சேர்ந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். இப்போது இங்கே வெளிப்படையாக வேட்டைக்குப் போகிறவர் சுடலைமாடன் ஒருவர்தான். கொடை ராத்திரியில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்குப் போவார். ஒளிந்து போகிற வேட்டை இல்லை அது.

ஆகவே சந்தையில் விற்கும் 'ஆர்மி டிசைன்' துணி கல்லூரிப் பையன்களுக்கும், பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கும்தான். முதலாமவர்களுக்கு ஒரு தகவல்: பார்க்கிறவர் சிப்பாய் என்று நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு ராணுவ உடை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை என்று தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. பேஷனுக்காகப் போடும் பச்சைப்புள்ளி பேன்ட் அதில் வராது. ராணுவத்தின் 2022 வடிவத்தை மட்டும் நகல் செய்து விற்கக்கூடாது. அந்த உரிமையைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

படம் எடுக்கிறவர்கள் கூந்தன்குளத்துக்கு அந்த உடையில் வருவதுதான் எனக்குப் புரிவதில்லை. 1994இல் சரணாலயமான ஊர் அது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு வைக்கின்றன. ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சிவப்புச் சேலை கட்டிய பெண் மரத்தடியில் பாத்திரம் கழுவினாலும் மேலே நாரை அலட்டிக்கொள்வதில்லை, தினமும் பார்க்கிற உருவம். பச்சைப்புள்ளி உடையில் குனிந்து குனிந்து வருகிற ஆள்தான் அங்கே சந்தேகத்துக்குரியவர். பதுங்குவது என்பது இரைபிடிக்க வருகிறவனின் நடை. குளத்தின் நடுவே இருக்கும் வரித்தலை வாத்துக்கு வேண்டுமானால் மறைவு தேவைப்படும். அதற்கும் உடையைவிட, வலை போர்த்திய கூண்டுக்குள் விடியுமுன் போய் உட்கார்ந்து விடுவது நல்லது.

மலையடிவாரத்தில் நிலைமையே தலைகீழ். கடையம், பாபநாசம், களக்காடு பக்கம் வாழையும் கிழங்கும் போட்டவருக்கு மறைய வேண்டியதில்லை. தான் அங்கே இருப்பது பன்றிக்குத் தெரிய வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறை சுடலாம் என்று உத்தரவு போட்டது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். காட்டை ஒட்டியே வயல் வைத்திருப்பவருக்கு இதனால் துப்பாக்கி வரப்போவதில்லை. அவர் பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டுகிறார். சிவப்பு நல்லது என்று தேடிக் கட்டுகிறவர்களும் உண்டு. பன்றிக்கும் இரு நிறப் பார்வைதான், பார்வையும் மட்டம். சிவப்பு அதற்குச் சிவப்பாகத் தெரியாது. வேலை செய்வது சேலையின் படபடப்பும், இத்தனை வருடம் கட்டியவரின் வாசனையும். சலூனிலிருந்து வெட்டிய முடியைச் சாக்கில் கொண்டுவந்து வரப்பில் தூவுவதும் அந்த மூக்கை நம்பித்தான். மழை பெய்தால் வாசனை போய்விடும், மறுபடி சலூனுக்குப் போக வேண்டும்.